மற்றும் நண்பர்கள்

ஏணியின் ஒன்பதாவது படியில் நின்று லோஜினி ஒரு விளக்கின் கழுத்தைத் திருகிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து ஜெகதீஸ்வரி அக்கா கூப்பிட்டார். கூப்பிட்ட விதத்திலேயே விஷயம் நல்லதல்ல என்று தெரிந்துவிட்டது. அக்கா சாதாரணமாகக் கூப்பிட்டால் அரங்கின் கடைசி வரிசையில் உறங்குகிறவனும் எழுந்து உட்காருவான். இருபது வருடமாக மொன்றியலில் நடக்கும் அரங்கேற்றங்களுக்கெல்லாம் ஒப்பனை செய்து, அடங்காத தலைமுடிகளோடும் அழுகிற தாய்மாரோடும் மல்லுக்கட்டி வளர்ந்த குரல் அது. இன்றைக்கு அது காற்றுப்போன பந்துபோல வந்தது.

"பிள்ளை, ஒருக்கா இறங்கி வா."

"இன்னும் நாலு லைட் இரிக்கு அக்கா. அங்க இருந்தே சொல்லுங்க."

"உது கத்திச் சொல்லுற விஷயமில்லை. வா எண்டால் வா."

லோஜினி இறங்கினாள். அக்கா சேலைத் தலைப்புக்குள் மறைத்து வைத்திருந்த அரங்கேற்ற மலரை எடுத்து நீட்டினார். வழவழப்பான தாள், நாற்பது பக்கம், அட்டையில் அரைமண்டியில் இன்று அரங்கேறும் ஹம்சினி. முறைப்படி இதை இப்போது யாரும் திறந்திருக்கக் கூடாது. இடைவேளையில் பிரதம விருந்தினர் மேடையேறி, பட்டு நாடாவை அவிழ்த்து, முதல் பிரதியை வெளியிட்ட பிறகுதான் மற்றப் பிரதிகள் சபைக்குப் போகும். அதுவரை பெட்டிகள் ஒப்பனை அறையில், அக்காவின் காவலில். காவலுக்கு வைத்தவர்களுக்கு அக்காவைப் பற்றிச் சரியாகத் தெரியாது போலும்.

"கடைசிப் பக்கம் பார்."

கடைசிப் பக்கத்தில் நன்றிப் பட்டியல் இருந்தது. மேலே பெரிய எழுத்தில் குரு, பக்க வாத்தியக்காரர்கள். நடுவில் மன்றத்துக்காரர்கள், பேராசிரியர்கள், பல் வைத்தியர்கள், அவர்களது துணைவியர். அதற்குக் கீழே ஒரு வரி: ஒளியமைப்பு, காட்சி வடிவமைப்பு, நவநீத். ஆகக் கீழே இன்னொரு வரி: மேடை உதவி, உறவினர்கள் மற்றும் நண்பர்கள்.

லோஜினி அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். இரண்டாம் தடவையும் அதில் அவள் பேர் இல்லை.

பேர் இல்லாமல் போவது அவளுக்குப் புதிதல்ல. இதுவரை முப்பத்தொரு அரங்கேற்றத்துக்கு விளக்குப் போட்டிருக்கிறாள். முப்பத்தொன்றிலும் கடைசியில் யாராவது ஒருவர் மேடையேறி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ஒலி, ஒளி அமைத்துத் தந்தவர்களுக்கும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுச் சாப்பாடு தயார் என்று அறிவிப்பார். அவள் அதைப் பெரிதாக எடுத்ததில்லை. காலையில் ஜான்-டலோன் சந்தையில் ஒரு காய்கறிக் கடைக்குப் பெட்டி அடுக்குகிறவள், மாலை வகுப்பில் இரண்டு வருடம் பிரெஞ்சு மொழியில் மேடை ஒளி படித்தவள், விளக்குக்குப் பின்னால் நிற்பதை விரும்பித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தாள். ஆனால் இந்த மலரில் மட்டும் அவள் பேர் வேண்டும். திங்கட்கிழமைக்கு வேண்டும். இன்று சனிக்கிழமை.

மார்ச் மாதத்தில் அவள் ஒரு சாங்க்-அ-செத்துக்குப் போனாள். மாலை ஐந்திலிருந்து ஏழு வரை, கையில் ஒரு கிண்ணத்தைப் பிடித்தபடி நின்று, தெரியாதவர்களோடு தெரிந்தவர்கள்போலக் கதைக்கிற இந்த ஊர் வழக்கம் அது. இங்கே நாடக, நடன வேலைகளில் பாதி அந்த இரண்டு மணி நேரத்தில்தான் கைமாறுகின்றன என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். கையில் கொத்தமல்லி வாசம் போகாமல், தோடம்பழச் சாற்றோடு சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்றவளிடம், அவளைப் போலவே சுவரோரம் நின்ற வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். குளிர்காலத்தில் சின்ன ஊர்களைச் சுற்றிவரும் ஒரு நடனக் குழுவின் தொழில்நுட்பப் பொறுப்பாளர். ஆறு கிழமை, பதினான்கு ஊர், விளக்குக்கு ஒரு ஆள் தேவை. அவள் என்ன செய்திருக்கிறாள் என்று கேட்டார். அவள் சொன்னாள். ஒரு வர்ணத்தில் அரை மணி நேரமாக அந்தி எப்படி இறங்கியது என்று கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் காட்டினாள். அவர் முழுதாகக் கேட்டார். பிறகு, எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் எங்கள் குழுவினருக்குக் காது கிடையாது, கண் மட்டும்தான், உன் பேர் அச்சடித்த ஒரு நிகழ்ச்சிப் புத்தகம் கொண்டுவா, ஜூன் முதல் திங்கட்கிழமை கடைசி நாள் என்றார்.

அதனால்தான் அவள் பியர்பொன்ட்ஸில் ஹம்சினியின் அம்மா உஷாவின் வீட்டுக்கே போய்க் கேட்டாள். மகளின் அரங்கேற்றத்துக்கு நீங்கள்தான் விளக்கு என்று உஷா ஏற்கெனவே சொல்லியிருந்தார். "சரி அக்கா, செய்யிறன், எனக்கு வேற ஒண்டும் வேணாம், மலர்ல என்ட பேர் வரணும்" என்றாள். "உங்க பேர் இல்லாம ஒரு மலரா? கண்டிப்பா போடுவோம் லோஜினி" என்று சொல்லி உஷா இன்னொரு அடையைத் தட்டில் வைத்தார். அவியல் மிக நன்றாக இருந்தது. பள்ளிக்கூட நாடகத்துக்குக்கூட பிரெஞ்சுக்காரரிடம் இரண்டு பக்க ஒப்பந்தம் நீட்டிக் கையெழுத்து வாங்குகிறவள், சாப்பிட்ட வீட்டில் ஒரு துண்டுத் தாள் கேட்கக் கூச்சப்பட்டாள். நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. அவள் அதை மூன்றாவது அடையோடு சேர்த்து விழுங்கினாள்.

இப்போது புத்தகத்தைக் கையில் பிடித்தபடி முன்மண்டபத்துக்குப் போனாள். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், மொன்றியல் தீவின் ஒரு நுனியில் இருந்த வாடகை அரங்கம் அது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் மே மாதக் கடைசி வெயில் புல்லில் கிடந்தது. உஷா வாழைமரத்தை எந்தப் பக்கம் சாய்த்துக் கட்டுவது என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கணவர் ரவிசங்கர், பொறியியல் பேராசிரியர், கலை மன்றத் தலைவர். இந்த ஊருக்கு வந்து இருபத்தேழு வருடத்தில் அவர் குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை, அதற்கான தேவை அவருக்கு வந்ததில்லை. அவர்களோடு உஷாவின் தம்பி நவநீத்தும் நின்றான். கம்ப்யூட்டர் வேலைக்காரன், போன வருடம்தான் ஒரு நிகழ்ச்சி நிறுவனம் தொடங்கியிருந்தான். அவனோடு கைகுலுக்கினால் கையில் ஒரு கார்ட் ஒட்டிக்கொண்டு வரும். ஒத்திகைக்கு இரண்டு நாள் வந்து, லோஜினியின் லைட் போர்டில் கைவைத்தபடி படம் எடுத்துக்கொண்டு போனான்.

"உஷா அக்கா, இதில என்ட பேர் இல்லையே."

உஷாவின் முகத்தில் ஒரு கணம் உண்மையான வெட்கம் வந்தது. அதை லோஜினி பார்த்தாள். பிறகு அது சிரிப்பாக மாறிவிட்டது. "ஐயோ, கடைசி நேர அவசரம் லோஜினி. டிசைன் பண்ணதெல்லாம் நவநீத். அவன் கம்பெனிக்கு இதுதானே முதல் ஈவண்ட்..."

"லைட் நான்தானே போடுறன்?"

ரவிசங்கர் மெல்ல அவள் தோளைத் தொடாமல் தொடுவதுபோலக் கையை நீட்டி, ஓரமாக வரச் சொன்னார். "இங்க பாருங்கம்மா. பேருங்கறது வெறும் பேப்பர். நாளைக்கு ரீசைக்ளிங் டப்பாக்குப் போயிடும். இந்த ஃபீல்டுல கான்டாக்ட்ஸ்தான் எல்லாம். இன்னிக்கு சீஃப் கெஸ்ட் யாரு தெரியுமா? மதாம் லாலோந்த். பதினெட்டு ஊர் ஹால்ல யார் ஆடணும்னு அவங்கதான் முடிவு பண்றாங்க. உங்களை நானே அவங்ககிட்ட இன்ட்ரொட்யூஸ் பண்றேன். பேர் பெருசா, அறிமுகம் பெருசா, நீங்களே சொல்லுங்க."

எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னதில் பாதி உண்மை. யாரோ ஒருவர் வாயிலிருந்து யாரோ ஒருவர் காதுக்குப் போகாமல் இந்தத் தொழிலில் ஒரு வேலையும் யாருக்கும் வந்ததில்லை. லோஜினிக்கு அது நன்றாகவே தெரியும். அதனால் அந்த நிமிடத்தில் அவள் உண்மையாகவே தடுமாறினாள். தாடிக்காரரின் பதினான்கு ஊர் போனால் போகட்டும், இந்த அம்மாவின் பதினெட்டு ஊர் வந்தால் என்ன என்று மனம் கணக்குப் பார்த்தது. அப்போதே கண்ணாடிக் கதவு திறந்தது. நரைத்த குட்டை முடியும் தட்டைச் செருப்புமாக மதாம் லாலோந்த் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்.

ரவிசங்கர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சந்தனம், குங்குமம், பன்னீர் எல்லாம் முடிந்ததும், தன் அழகான, நிறுத்தி நிறுத்திப் பேசும் பிரெஞ்சில், இவர் நவநீத், எங்கள் ஒளியமைப்பாளர் என்றார். நவநீத்தின் கார்ட் போய்ச் சேர்ந்தது. பிறகு லோஜினியின் பக்கம் திரும்பி, இவள் லோஜினி, அவருக்கு உதவி செய்யும் எங்கள் தன்னார்வலர்களில் ஒருத்தி, நல்ல பெண் என்றார். மதாம் லாலோந்த் கை நீட்டினார். லோஜினியின் உள்ளங்கையில் ஏணியின் கறுப்பு மசகு இருந்தது. அவள் அதைக் காற்சட்டையில் துடைத்துவிட்டுக் கைகொடுத்தாள். நீங்கள் என்ன உதவி செய்கிறீர்கள் என்று அந்த அம்மா கேட்கத்தான் செய்தார், மரியாதைக்கு என்றாலும் கண்ணைப் பார்த்துக் கேட்டார். லோஜினி வாயைத் திறப்பதற்குள் ரவிசங்கர், எல்லா உதவியும் என்று சொல்லிச் சிரித்தார்.

லோஜினி, "மெர்சி" என்று நன்றி சொன்னாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

அந்த ஒரு சொல்தான் அவளைக் கொன்றது. புத்தகத்தில் பேர் இல்லாதது அவர்கள் செய்தது. இந்த மெர்சி அவள் செய்தது. அரங்கின் பின்னால், கடைசி வரிசைக்கும் மேலே இருந்த கட்டுப்பாட்டு அறைக்குப் படியேறும்போது ஒவ்வொரு படியிலும் அதைச் சொல்லித் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். எதுக்கடி மெர்சி? எவன் அப்பன் வீட்டு விருந்துக்கு மெர்சி?

உள்ளே ஒலிக்காரன் றூபன் வயர்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான். எந்த வயர் எந்த மைக்குக்கு என்று பேர் அடித்து ஒட்டாமல் றூபன் ஒரு வேலையும் தொடங்க மாட்டான். கையடக்கமான லேபிள் மெஷின் ஒன்றை இடுப்பிலேயே கட்டிக்கொண்டு திரிவான். லோஜினி நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடிக்குமுன் ஜெகதீஸ்வரி அக்காவும், அவருக்குப் பின்னால் திரைச்சீலை இழுக்கிற சவிரிமுத்து அண்ணனும் படியேறி வந்துவிட்டார்கள். அண்ணன் திருகோணமலைக்காரர், டொர்வாலில் ஒரு சமையற்கூடத்தில் வேலை, சனி ஞாயிறுகளில் மேடை.

"றூபன், அந்த மெஷின்ல என்ட பேர் ஒண்டு அடிச்சுத் தாங்க. லூமியேர் எண்டு போட்டு" என்றாள் லோஜினி. "இந்தப் புத்தகத்தில ஒட்டிக் கொண்டுபோய்க் குடுக்கிறன். பொய் இல்லையே."

மெஷின் சர்ரென்று ஒரு வெள்ளைப் பட்டியைத் துப்பியது. பிரெஞ்சு எழுத்தில், ஒளி என்று பொருள்படும் லூமியேருக்குப் பக்கத்தில் அவள் பேர். அதை நவநீத்தின் பேருக்கு மேல் ஒட்டினாள். அளவு பிசகாமல் உட்கார்ந்தது. நால்வரும் குனிந்து பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க லோஜினியின் முகம் சுருங்கியது. தாடிக்காரரின் குழுவில் யாராவது ஒருவர் அதை நகத்தால் தடவிப் பார்ப்பார். இன்னொரு பிரதியை எங்கேயாவது எடுத்துப் பார்ப்பார். அதில் வேறு பேர் இருக்கும்.

"சரிவராது" என்றாள். "ஒரு புத்தகத்தில மட்டும் ஒட்டினா இது கள்ளம்."

அவள் புத்தகத்தை மூடி மறுபடி திறந்தாள். பிறகு அவளே மெதுவாகச் சொன்னாள். "எல்லாப் புத்தகத்திலயும் ஒட்டினா இதுதான் மலர்."

றூபன் மெஷினைப் பார்த்தான். "எத்தினை புத்தகம் கிடக்கு?"

"இருநூற்றி நாற்பது" என்றார் ஜெகதீஸ்வரி அக்கா, பெட்டிகளைக் காவல் காத்தவர். "என்னட்டை நாலு பெட்டி. இடைவேளை வரைக்கும் ஒருத்தரும் தொடமாட்டினம்."

"அக்கா, விளையாட்டில்லை. ரவிசங்கர் சேர் நாளைக்கு நாலு ஃபோன் கோல் எடுத்தா எங்களுக்கு ஒரு ஹோலிலும் வேலை இல்லை" என்றான் றூபன். அவன் பயந்து சொல்லவில்லை, வயரைச் சோதிப்பதுபோலச் சோதித்துப் பார்த்தான்.

"ஹோல் இல்லாட்டில் போகட்டும். அவையின்ரை பிள்ளையளுக்கு ஆர் தலை கட்டுறது? கம்ப்யூட்டரே கொண்டை போடும்?" அக்காவின் பழைய குரல் திரும்பி வந்துவிட்டது. "எடேய், கீழ்வரியிலை எங்களையும் அடி. இருபது வருசமா நான் ஆரோ ஒருத்தரின்ரை நண்பி. போதும்."

"என்ட பேரச் சரியா அடி தம்பி" என்றார் சவிரிமுத்து அண்ணன். "சூசைப்பிள்ளை சவிரிமுத்து. சுருக்கப்படாது."

லோஜினி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு வந்த முப்பத்தொரு வேலையும் எங்கிருந்து வந்தன என்று அப்போதுதான் வரிசையாக நினைவுக்கு வந்தது. அக்கா ஒரு தாய்க்குத் தலைவாரிக்கொண்டே, லைட்டுக்கு எங்கடை பிள்ளை ஒண்டு இருக்கு என்று சொன்னதில் வந்தவை பாதி. சந்தையில் அவள் தக்காளி அடுக்கும்போது றூபன் போன் எடுத்து, சனிக்கிழமை ஃப்ரீயோ அக்கா என்று கேட்டதில் வந்தவை மீதி. ஒருவருக்கொருவர் கார்ட் கொடுத்ததில்லை, கிண்ணம் பிடித்து நின்றதில்லை. ரவிசங்கர் சொன்ன கான்டாக்ட்ஸ் இதுதான் என்றால் அவளுக்கு அது எப்போதோ கிடைத்துவிட்டது, அவர்தான் அதற்குப் பேர் போட மறந்துவிட்டார்.

நாலரை மணிக்கு அரங்கம் நிரம்பத் தொடங்கியது. ஐந்துக்கு லோஜினி முதல் விளக்கை ஏற்றினாள்.

ஹம்சினிமேல் அவளுக்குக் கோபம் இல்லை. பதினேழு வயது, ஒன்பது வருட உழைப்பு, கணுக்காலில் கட்டோடு ஒத்திகைக்கு வந்த பிள்ளை. போன கிழமை அவளே லோஜினியிடம் வந்து, "உங்க லைட் இறங்கினப்போ எனக்கு நிஜமாவே யாரோ வராம போன மாதிரி இருந்துது அக்கா" என்று பாதி தமிழிலும் பாதி பிரெஞ்சிலும் சொல்லியிருந்தாள். அப்பா, மாமா செய்ததற்கு அவள் காலடியில் இருட்டைப் போடுவது லோஜினியின் தொழில் அல்ல. அலாரிப்புக்கு வெளிச்சம் துல்லியமாக விழுந்தது. ஜதீஸ்வரத்தில் ஒவ்வொரு கோர்வையும் முடிகிற அடியில், ஒரு இம்மிகூடப் பிந்தாமல் நிறம் மாறியது. அவள் நடனம் படித்தவள் இல்லை. தாளத்தை முப்பத்தொரு மேடையில் நின்று காதாலேயே பிடித்தவள்.

வர்ணம் தொடங்கியது. தலைவி வாசலில் நின்று காத்திருக்கிறாள். லோஜினி வலப்பக்க விளக்கைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் இறக்க ஆரம்பித்தாள், விரல் அசைவது அவளுக்கே தெரியவில்லை. காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டில் ஒப்பனை அறையிலிருந்து அக்காவின் குரல் கிசுகிசுத்தது.

"எண்பது முடிஞ்சுது. இவர் சவிரிமுத்து கோணலா ஒட்டுறார்."

"நீங்க தலைகீழா ஒட்டினதையும் சொல்லுங்க" என்றது அண்ணனின் குரல்.

மேடையில் தலைவி தோழியை அனுப்பினாள். தோழி திரும்பி வரவில்லை. றூபன் ஒரு கையால் மிருதங்கத்தின் ஒலியைக் கவனித்துக்கொண்டு, மறுகையால் மடியில் இருந்த மெஷினை அழுத்திக்கொண்டிருந்தான். சவிரிமுத்து அண்ணன் பின்படியால் வந்து பட்டிகளை மாலைபோலத் தோளில் போட்டுக்கொண்டு போனார். முப்பத்தைந்தாவது நிமிடம் தலைவி நிமிர்ந்து பார்த்தபோது மேடை முழுக்க இரவாகியிருந்தது, அவள் முகத்தில் மட்டும் யாரோ உள்ளே விளக்கேற்றி வைத்த அளவு வெளிச்சம். எப்போது இருட்டியது என்று சபையில் ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு கைதட்டல். லோஜினியின் கழுத்தில் வியர்வை ஓடியது. நல்லது செய்தோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அது தன்னுடையது என்பதும் தெரிந்தது.

"முடிஞ்சுது" என்றது ஹெட்செட். "இருநூற்றி நாற்பதும். நாடா கட்டினதும் சேர்த்து."

இடைவேளையில் மதாம் லாலோந்த் பட்டு நாடாவை அவிழ்த்து மலரை வெளியிட்டார். எல்லோரும் படம் எடுத்தார்கள். பட்டுப்பாவாடைச் சிறுமிகள் பிரதிகளை வரிசை வரிசையாகக் கொண்டுபோனார்கள். வடை வாசம் முன்மண்டபத்திலிருந்து வந்துகொண்டிருந்ததால், புத்தகத்தைக் கையில் வாங்கியவர்கள் அட்டைப்படத்தைப் பார்த்து நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டுக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்கள். இரண்டாம் பாதி தொடங்கியது. ஒன்றும் நடக்கவில்லை. லோஜினிக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பதம் முடிகிற நேரத்தில் கட்டுப்பாட்டு அறைக் கதவு திறந்தது. நவநீத். கையில் மலர், கடைசிப் பக்கம் விரலிடுக்கில்.

"என்ன பண்ணியிருக்கீங்க நீங்க? உங்களுக்கு என்ன பைத்தியமா?"

"மெல்லக் கதைங்க. பாட்டு நடக்குது."

"இப்பவே கீழ வந்து அத்திம்பேர்கிட்ட ஸாரி கேளுங்க. இல்லேன்னா மொன்றியல்ல எந்த ஸ்டேஜ்லயும் நீங்க ஏற முடியாது. மதாம் லாலோந்த் விஷயமும் அவ்வளவுதான். ஒரு நல்ல கான்டாக்டை நீங்களே கெடுத்துக்கறீங்க."

லோஜினி மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வர்ணத்தில எந்த லைட்ட முதல்ல இறக்கினன் எண்டு சொல்லுங்க. சொன்னா இப்பவே கீழ வாறன்."

அவன் கண் லைட் போர்டின்மேல் அலைந்தது. பிறகு சிரித்தான். "சரி, ஒட்டுங்க. எவ்வளவு வேணா ஒட்டுங்க. நன்றியுரைல அத்திம்பேர் என் பேரைத்தான் சொல்லப் போறார். பொன்னாடை எனக்குத்தான். முன்னூறு பேர் காதால கேட்பாங்க. இருட்டுல யார் உங்க புக்கைப் படிக்கப் போறாங்க?"

"நாப்பத்தியேழாவது க்யூ" என்றாள் லோஜினி, அவனிடம் அல்ல, அடுத்த விளக்கு மாற்றத்தின் எண்ணைத் தனக்கே. விரல் அழுந்தியது. மேடை நீலமானது. அவன் கதவை மூடிக்கொண்டு போன சத்தம் கேட்டது. றூபன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. நவநீத் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தையே யோசித்துக்கொண்டிருந்தாள். அந்த மனிதன் தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒளியமைப்பைப் பற்றிச் சரியான ஒரு கேள்வி கேட்டிருந்தான்.

தில்லானா முடிந்து சபை எழுந்து நின்று கைதட்டியது. ஹம்சினி அழுதாள். உஷா அழுதார். பிறகு எல்லோரும் உட்கார, அரங்கு மீண்டும் இருண்டு, ரவிசங்கர் தாளை எடுத்துக்கொண்டு ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தார். பட்டியல் நீளமானது. யாரையும் விடக் கூடாது, யாரையும் முன்பின் மாற்றக் கூடாது, ஒரு பேர் தவறினால் பத்து வருடம் பேச்சுவார்த்தை இருக்காது. அவர் அதில் தேர்ந்தவர். குருவுக்குப் பொன்னாடை. பாடகருக்குப் பொன்னாடை. மதாம் லாலோந்துக்குப் பொன்னாடையும் ஒரு வெண்கல விளக்கும். அவரைப் பற்றி மட்டும் ரவிசங்கர் ஐந்து நிமிடம் பேசினார். ஹம்சினி பதினெட்டு ஊரிலும் ஆடிக்கொண்டிருப்பதுபோல இருந்தது கேட்க.

"இன்று நாம் பார்த்த இந்த அற்புதமான ஒளியமைப்பு" என்றார் ரவிசங்கர், "என் மைத்துனர், நவநீத்."

நவநீத் பக்கத் திரையிலிருந்து வெளியே வந்தான். லோஜினி அவனுக்கு வெளிச்சம் கொடுத்தாள். அதில் வஞ்சகம் செய்யவில்லை. முகத்துக்கு, தோளில் விழப்போகிற பொன்னாடையின் சரிகைக்கு, நன்றாகவே போட்டாள். பிறகு இடது கையை லைட் போர்டின் ஒதுக்குப்புறத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே தனியாக ஒரு தள்ளுவிசை இருந்தது. சபைக்கு மேலே இருக்கிற விளக்குகளுக்கானது, நிகழ்ச்சி முடிந்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பும்போது மட்டும் தொடுவது. அதன் அடியில் றூபனின் லேபிள் ஒன்று ஒட்டியிருந்தது.

அவள் அதைத் தள்ளினாள்.

முன்னூறு பேர் தலைக்குமேல் வெளிச்சம் வந்தது. ஆட்கள் கண்ணைச் சிமிட்டினார்கள். நிகழ்ச்சி முடிந்துவிட்டதாக்கும் என்று யாரோ செருப்பைத் தேடினார்கள். மேடையில் பட்டியல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நம் சபைக்கு ஒரு பழக்கம் உண்டு. நன்றியுரை வாசிக்கப்படும்போது கையில் வெளிச்சம் இருந்தால், தங்கள் பேர் வருகிறதா, மேலே வருகிறதா கீழே வருகிறதா என்று புத்தகத்தில் விரல் வைத்துப் பார்ப்பார்கள். பல் வைத்தியர் திறந்தார். அவர் துணைவி திறந்தார். மூன்றாம் வரிசை முழுக்கத் திறந்தது. கடைசிப் பக்கம், கடைசிப் பக்கம் என்று தாள் புரளும் சத்தம் கட்டுப்பாட்டு அறைவரை கேட்டது. விரல்கள் இறங்கி வந்து ஓர் இடத்தில் நின்றன. ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். மேடையைப் பார்த்தார்கள், புத்தகத்தைப் பார்த்தார்கள். ரவிசங்கரின் குரல் ஒரு பேரில் இடறியது. பொன்னாடையைப் பிடித்துக்கொண்டு நின்ற உஷாவின் கை, பாதி உயர்ந்தபடி நின்றுவிட்டது.

முன்வரிசையில் மதாம் லாலோந்த் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். கடைசிப் பக்கத்தை முகத்தருகே கொண்டுபோனார். நகத்தால் அந்த வெள்ளைப் பட்டியைச் சுரண்டினார். வராது. வயர்மேல் வண்டிச் சில்லு ஏறினாலும் உரியாத பட்டி அது. அவர் புத்தகத்தைத் தாழ்த்தி, இருக்கையில் முழுதாகத் திரும்பி, வரிசை வரிசையாகத் தலைகளைத் தாண்டி, மேலே கண்ணாடிக்குப் பின்னால் இருந்த சின்ன அறையைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது என்னவென்று அவ்வளவு தூரத்தில் சொல்ல முடியவில்லை. அவரைப் பார்த்து மற்றவர்களும் திரும்பினார்கள்.

லோஜினி குனியவில்லை. பக்கத்தில் றூபன் எழுந்து நின்றான். மேடையின் ஓரத்தில் திரைக்கயிற்றைப் பிடித்தபடி சவிரிமுத்து அண்ணனும், வாயில் கொண்டை ஊசிகளோடு ஜெகதீஸ்வரி அக்காவும் ஓரடி வெளியே வந்து நின்றார்கள்.

தள்ளுவிசை இன்னும் எழுபது சதவீதத்தில்தான் இருந்தது. அவள் அதை மேலே, முட்டுகிறவரை, தள்ளினாள்.